'இவான்' படம்: முதல் பாகம் ஜால்ரா, ரெண்டாம் பாகம் கலகமா? ஒரே ஆள்தானே எடுத்தார்?

#1 ராத்திரிக்காட்சி

வணக்கம் மக்களே. ரெண்டு ராத்திரி உட்கார்ந்து சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன், பதினாறாம் நூற்றாண்டு ரஷ்ய மன்னன் இவானைப் பத்தி எடுத்த 'இவான்' ரெண்டு பாகத்தையும் பார்த்து முடிச்சேன். உண்மையைச் சொல்லிடறேன், முதல் பாகத்துல பாதியில தூங்கிட்டேன். எல்லாரும் ஆந்தை மாதிரி கண்ணை உருட்டறாங்க. கழுத்தை மட்டும் திருப்பி அப்படியே நிக்கறாங்க. இவானா நடிச்ச செர்காசவோட தாடி தனியா ஒரு கதாபாத்திரம் மாதிரி ஃப்ரேமுக்குள்ள வருது, பின்னாடிதான் ஆள் வர்றார்.

எங்கே படிச்சாலும் ஒரே பாட்டுதான்: முதல் பாகம் ஸ்டாலினைக் குளிர வைக்க எடுத்தது, அதனால பரிசு கிடைச்சது. ரெண்டாம் பாகம் ஸ்டாலினைக் குத்திக்காட்ட எடுத்தது, அதனால தடை. ஜால்ரா அடிச்ச மனுஷன் ஒரு வருஷத்துல கலகக்காரனா மாறிட்டாரா? எனக்கு இது ஒட்டவே மாட்டேங்குது. ரெண்டு பாகத்தையும் பார்த்தவங்க சொல்லுங்க.

#2 மணிமுத்தாறு

தூங்கினதுக்கெல்லாம் வெட்கப்படாதீங்க, நானும் தூங்கியிருக்கேன். இவான் முடிசூடினது 1547 ஜனவரியில, அப்போ அவனுக்குப் பதினாறு வயசு. நடிச்ச செர்காசவுக்குப் படம் எடுக்கும்போது நாற்பது. நாம காலேஜ் ஸ்டூடன்ட் ஹீரோக்களைப் பார்த்து வளர்ந்தவங்க, இதைத் தாங்கிக்கலாம் 😄

#3 பழைய ரீல்

கேள்வி நல்ல கேள்வி. ஆனால் எந்த நிலைமையில அந்த மனுஷன் படம் எடுத்தார் என்பதைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

1937-ல் அவருடைய 'பெஜின் புல்வெளி' பாதியிலேயே நிறுத்தப்பட்டது, பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். அடுத்து வந்த 'அலெக்ஸாந்தர் நெவ்ஸ்கி' 1938-ல் பெரிய வெற்றி. ஆனால் 1939 ஆகஸ்டில் ஹிட்லரோடு ஒப்பந்தம் ஆனதும், ஜெர்மன்காரனை அடிக்கிற படம் என்பதால் தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதே வருஷம் அவருடைய குருவான நாடக இயக்குநர் மேயர்ஹோல்டைக் கைது செய்தார்கள். 1940 பிப்ரவரியில் சுட்டுக் கொன்றார்கள். குருவின் கையெழுத்துப் பிரதிகளை வாங்கித் தன் ஊர்ப்புற வீட்டில் ஒளித்து வைத்தவர் ஐசன்ஸ்டைன். மாட்டியிருந்தால் அவர் தலையும் போயிருக்கும்.

இந்த ஆளைத்தான் 1941 ஜனவரியில் கட்சியின் பெரிய தலைவர்களில் ஒருவரான ஸ்தானவ் கூப்பிட்டு, இவானைப் பற்றிப் படம் எடு என்கிறார். வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

அப்புறம் போர். ஸ்டூடியோவையே மாஸ்கோவிலிருந்து கசாக்ஸ்தானின் அல்மா-அதாவுக்கு மாற்றினார்கள். பகலில் கரண்ட் எல்லாம் ஆயுதத் தொழிற்சாலைகளுக்குப் போய்விடும், படப்பிடிப்பு இரவில்தான். படம் முழுக்க ஒரே இருட்டு என்று யாராவது புகார் சொன்னால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

#4 ராத்திரிக்காட்சி

ஐயா, அல்மா-அதா விஷயம் தெரியாது, நன்றி. ஆனா நிலைமை மோசம்ங்கறதால ஜால்ரா ஜால்ரா இல்லைன்னு ஆயிடாதே? முதல் பாகத்துல இவான் நல்லவன், பிரபுக்கள் எல்லாம் சதிகாரங்க. கடைசியில ஜனங்க பனியில வரிசையா வந்து "திரும்பி வா மன்னா"ன்னு கெஞ்சறாங்க. இதுக்கு வேற என்ன பேரு?

#5 கீ லைட்

நான் கேமரா டிபார்ட்மென்ட். வேலை விஷயம் மட்டும் சொல்றேன், அரசியல் நீங்க பேசிக்கங்க.

இந்தப் படத்துல ரெண்டு கேமராமேன். அவுட்டோர் எதுவார்ட் டிஸ்ஸே, 'போதெம்கின்' படக் காலத்துலேர்ந்து ஐசன்ஸ்டைனோட இருக்கறவர். இன்டோர் ஆந்திரேய் மாஸ்க்வின். படத்தோட உயிரே இந்த மாஸ்க்வின் பண்ணின இன்டோர்தான்.

முதல் பாகத்துல இவான் இங்கிலாந்துக்குத் தூதன் அனுப்பற சீன் இருக்கு. மேஜையில வளையம் வளையமா ஒரு வானியல் கோளம். சுவத்துல இவான் தலை நிழல், ஆள் உயரத்தை விடப் பெருசு. பக்கத்துல கோளத்தோட நிழல். எதிர்ல நிக்கற தூதன் அந்த நிழலோட தாடிக்குக் கூட எட்டலை. இது எப்படி வருதுன்னா, ஒரே ஒரு ஹார்டு லைட்டைக் கீழே தாழ்த்தி வெச்சு, நடிகரை லைட்டுக்குக் கிட்டக்க, சுவத்துக்குத் தள்ளி நிறுத்தணும். லைட்டுக்குக் கிட்டப் போகப் போக நிழல் பூதாகாரமாகும். ஃபில் லைட் (இருட்டுப் பக்கத்தைத் தெளிய வைக்கற துணை வெளிச்சம்) கொஞ்சம் கூடினாலும் நிழல் வெளிறிப் போயிடும், அதனால முகத்துக்கு வெளிச்சம் குடுக்கறது பெரிய தலைவலி. அதை மாஸ்க்வின் பண்ணியிருக்கார்.

கவனிச்சீங்கன்னா ஃப்ரேம்ல இருக்கற மெழுகுவத்திக்கும் அந்த நிழலுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த மெழுகுவத்தியால அப்படி ஒரு நிழல் விழாது. தெரிஞ்சேதான் பண்றாங்க. இவான் ராஜதந்திரம் பேசறான், சுவத்துல இருக்கறது ராட்சசன். முதல் பாகம் ஜால்ரான்னு சொல்றவங்க வசனத்தை மட்டும் கேட்டுட்டு சுவத்தைப் பார்க்கலைன்னு நினைக்கறேன்.

அரசியல் பேச மாட்டேன்னு சொல்லிட்டுப் பேசிட்டேன், மன்னிக்கவும்.

#6 நல்லூரான்

நல்ல இழை. எனக்கு எப்பவும் இருக்கிற குறை இந்தத் தலைப்பை நாங்கள் தமிழில் சொல்லுகிற விதம். ஆங்கிலத்தைப் பார்த்து 'பயங்கர இவான்' என்று எழுதிப் பழகிவிட்டார்கள். ரஷ்ய மொழியில் 'குரோஸ்னி'. இடிபுயலுக்கு அவர்கள் சொல்லுகிற 'குரஸா' என்ற சொல்லோடு உறவு. கேட்டாலே நடுங்க வைக்கிறவன் என்று பொருள், அதில் மதிப்பும் கலந்திருக்கிறது. எங்களிடம் 'வெருவந்த' என்று ஒரு சொல் கிடக்கிறது, குறளில் ஒரு அதிகாரத்துக்கே தலைப்பு. அது கிட்ட வருகிறது. ஆனால் குறள் அதைச் செய்யாதே என்கிறது, ரஷ்யன் அதைப் பட்டமாகச் சூட்டுகிறான்!

ரெண்டாம் பாகத்தில் இந்தப் பேர் எப்படி வருகிறது என்று பாருங்கோ. தேவாலயத்தில் நாடகம் நடக்கிறது. நேபுகாத்நேச்சார் ராஜா மூன்று பிள்ளைகளைத் தீச்சூளையில் போடுகிற விவிலியக் கதை. இவான் கறுப்பு உடுப்போடு உள்ளே வருகிறான். கூட்டத்தில் ஒரு சின்னப் பிள்ளை அவனைக் காட்டிச் சிரித்துக்கொண்டே, இவன்தானே அந்தக் கொடிய ராஜா என்று தாயிடம் கேட்கிறது. நாடகத்து ராஜாவையும் முன்னால் நிற்கிற ராஜாவையும் பிள்ளை ஒன்றாக்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் இவான் சொல்லுகிறான்: நீங்கள் என்னை எப்படி அழைக்கிறீர்களோ அப்படியே இனி இருப்பேன், குரோஸ்னியாக இருப்பேன்.

பட்டப்பேரை அவன் வாங்குகிற இடம் அதுதான். ஒரு குழந்தையின் சிரிப்பில் தொடங்குகிறது.

#7 சரித்திரப் பைத்தியம்

எல்லாரும் நிழல், இடி என்று போகிறீர்கள். படத்தில் சரித்திரம் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று நான் சொல்லிவிட்டுப் போகிறேன்.

படத்தில் விளாதீமிர் ஸ்தாரித்ஸ்கி, அதாவது இவானின் ஒன்றுவிட்ட தம்பி, அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரியும் அசடு. தேவாலயத்தில் கத்திக்குத்தில் சாகிறான். நிஜத்தில் அவன் போர்க்களம் கண்ட இளவரசன். 1569-ல் இவான் அவனுக்கு விஷம் கொடுத்துக் கொன்றான். அம்மா எஃப்ரோசினியாவை முன்பே கன்னிமாடத்துக்கு அனுப்பியாயிற்று, அதே வருஷம் அவளையும் தண்ணீரில் மூழ்கடித்துக் கொன்றார்கள். படத்தில் மகாராணிக்கு விஷம் வைக்கிறவளே அவள்.

மகாராணி அனஸ்தாசியா செத்தது 1560-ல். விஷம்தான் என்று இவான் கடைசிவரை நம்பினான். பிற்காலத்தில் அவள் எலும்புகளையும் முடியையும் சோதித்தபோது பாதரசம் நிறைய இருந்தது. ஆனால் அந்தக் காலத்து மருந்திலும் முகப்பூச்சிலும் பாதரசம் இருக்கும், அதை மட்டும் வைத்துக் கொலை என்று சொல்ல முடியாது.

அப்புறம், மகனை அடித்துக் கொன்றது 1581-ல். ஓவியர் ரேப்பின் வரைந்த படம் எல்லாருக்கும் தெரியும், ரத்தம் வழியும் தலையைக் கட்டிக்கொண்டு கிழவன் விழிப்பானே, அது. அந்தச் சம்பவம் இந்த இரண்டு பாகத்திலும் கிடையாது.

#8 குட்டித்தேவன்

படம் எங்க கிடைக்கும் பாஸ்?

#9 மணிமுத்தாறு

யூடியூப்ல மொஸ்ஃபில்ம் சேனல்ல தேடுங்க.

#10 செவ்வந்தி

எஃப்ரோசினியா பேர் வந்ததும் என்னால சும்மா இருக்க முடியலை. எனக்கு இந்தப் படமே அவதான். நடிச்சது செரஃபீமா பிர்மன். அந்த வேஷத்துக்கு ஐசன்ஸ்டைன் முதல்ல கேட்டது ஃபைனா ரனேவ்ஸ்கயாவை. முகத்துல யூதக் களை தெரியுதுன்னு சினிமாத் துறை அதிகாரி எழுத்து மூலமா மறுத்துட்டார். ஹிட்லரோட சண்டை நடக்கற 1942-ல! அதைப் படிச்ச அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கலை.

ரெண்டாம் பாகத்துல ஒரு தாலாட்டு வரும். மகன் வளர்ந்த ஆள், அவன் தலையை மடியில போட்டுக்கிட்டுப் பாடறா. மாஸ்கோ ஆத்துல ஒரு கறுப்பு பீவர் குளிச்சுதாம். அழுக்குப் போகலை, இன்னும் அழுக்காச்சாம். மேட்டு மேல ஏறி உடம்பை உதறுதாம். (முதல் தடவை சப்டைட்டில்ல பீவர்னு பார்த்துட்டு நம்ம நீர்நாய்னு நினைச்சேன். அது இல்லை, இது மரம் கடிக்கற ஜாதி.) வேட்டைக்காரங்க அதைப் பிடிச்சுத் தோலுரிக்கப் போறாங்க. எதுக்கு? விளாதீமிர் மன்னனுக்கு அங்கி தைக்க!

குரலைக் கேளுங்க. முதல் ரெண்டு வரி நிஜமாவே தூங்க வைக்கற பாட்டு. அப்புறம் மெல்ல மெல்ல ரகசியம் பேசற குரல். "மன்னன்"னு வர்ற இடத்துல கிட்டத்தட்ட கத்தறா. மடியில இருக்கற பையன் அலறி எழுந்துக்கறான். இசையமைப்பாளர் புரோகோஃபியெவ் மெட்டை எங்கேயும் முறிக்கலை, தாலாட்டு அப்படியே கொலைப்பாட்டா மாறுது. தன்னைக் கொல்ல வர்றவங்க மேலகூட அவனுக்கு அவ்வளவு பயம் இல்லை, அம்மா மேலதான் பயம்.

கடைசியில என்ன ஆகுது? குடிச்சுட்டு இருக்கற விளாதீமிருக்கு இவான் தன் ராஜ உடுப்பை மாட்டி விடறான். கையில மெழுகுவத்தியைக் குடுத்து இருட்டுக் கோவிலுக்குள்ள முன்னாடி போகச் சொல்றான். கொலைகாரன் ராஜான்னு நினைச்சுக் குத்திடறான். எஃப்ரோசினியா ஓடி வந்து, மிருகம் செத்துதுன்னு குதூகலிக்கறா. கறுப்பு அங்கிக் கூட்டம் விலகுது, இவான் உயிரோட நடந்து வர்றான். கீழே கிடக்கற உடம்பைத் திருப்பிப் பார்க்கறா.

அப்புறம் அதே பீவர் பாட்டு, மகன் பிணத்துக்கு. அதுக்கு மேல என்னால எழுத முடியாது.

#11 மணிமுத்தாறு

வில்லிக்கு இவ்வளவு பாசமா 🙂

#12 செவ்வந்தி

பெத்தவ பெத்தவதான்.

#13 இரும்புக்கரம்

எல்லாரும் ஒரே பக்கமா அழறீங்க. துண்டு துண்டா கிடந்த நாட்டை ஒண்ணா சேர்க்கக் கடுமை இல்லாம முடியுமா? கஸானை 1552-ல பிடிச்சது யாரு? பிரபுக்கள் எல்லாம் எதிரிக்கு விலை போனவங்க. இவானோட தளபதி குர்ப்ஸ்கி 1564-ல லித்துவேனியாப் பக்கம் ஓடினது சரித்திரம். ஸ்டாலினும் அதைத்தான் சொன்னார். படம் எடுத்தவருக்குத்தான் புரியலை.

#14 சரித்திரப் பைத்தியம்

கஸானைப் பிடித்தது சரி. அது ஒப்ரிச்னினா என்ற இவானின் கொடுங்கோல் ஏற்பாடு வருவதற்கு 13 வருஷம் முன்னால் நடந்தது. நீங்கள் சொல்லும் 'கடுமை' 1565-ல் தொடங்கியது. நாட்டை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைத் தன் சொந்தப் பிடியில் வைத்துக்கொண்டான். கறுப்பு உடுப்பு, சேணத்தில் நாய்த்தலை, துடைப்பம், இதோடு ஒரு படை. கடித்துக் குதறி, பெருக்கித் தள்ளுவோம் என்று அர்த்தம். அந்தப் படை சாதித்தது என்ன? 1570-ல் சொந்த நாட்டு நோவ்கரத் நகரத்தைச் சூறையாடியது. 1571-ல் கிரிமியா கான் வந்து மாஸ்கோவையே கொளுத்தியபோது அதனால் தடுக்க முடியவில்லை. அடுத்த வருஷம் இவானே அதைக் கலைத்துவிட்டான். 1558-ல் ஆரம்பித்த லிவோனியப் போர் 25 வருஷம் இழுத்துத் தோல்வியில் முடிந்தது. அவன் செத்துக் கால் நூற்றாண்டு ஆவதற்குள் நாடு பஞ்சத்திலும் உள்நாட்டுச் சண்டையிலும் சின்னாபின்னம். சேர்த்தது எங்கே என்று கொஞ்சம் காட்டுங்கள்.

#15 இரும்புக்கரம்

அந்தக் காலத்துல ஐரோப்பா முழுக்க அப்படித்தான் இருந்துச்சு. இவனை மட்டும் ஏன் பிடிச்சு உலுக்கறீங்க.

#16 பழைய ரீல்

சண்டை வேண்டாம். ஸ்டாலின் சொன்னது என்று வந்துவிட்டதால் அதை முழுசாகப் பேசிவிடுவோம்.

1946 ஜனவரியில் முதல் பாகத்துக்கு ஸ்டாலின் பரிசு, முதல் வகுப்பு. பிப்ரவரி 2-ஆம் தேதி அதற்கான கொண்டாட்டம். இரண்டாம் பாகத்தின் வேலையும் அப்போதுதான் முடிந்திருந்தது. நடனமாடிக்கொண்டிருந்த ஐசன்ஸ்டைனுக்கு அங்கேயே மாரடைப்பு. அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது மேலிடம் இரண்டாம் பாகத்தைப் பார்த்தது. செப்டம்பரில் கட்சித் தீர்மானம் வந்தது: ஒப்ரிச்னிக்குகளின் (அந்தக் கறுப்பு உடுப்பு ஆட்களின்) முற்போக்குப் படையை அமெரிக்காவின் கு க்ளக்ஸ் கிளான் கும்பல் போலக் காட்டிவிட்டார், உறுதியான இவானை ஹேம்லட் போலத் தடுமாறுகிறவனாகக் காட்டிவிட்டார்.

1947 பிப்ரவரி 25, ராத்திரி. ஐசன்ஸ்டைனையும் செர்காசவையும் கிரெம்ளினுக்குக் கூப்பிட்டார்கள். ஸ்டாலின், மொலதவ், ஸ்தானவ் மூவரும் எதிரே. செர்காசவும் ஐசன்ஸ்டைனும் அந்தப் பேச்சை நினைவிலிருந்து சொல்லிப் பதிவு செய்ததால் நமக்கு அது கிடைத்திருக்கிறது. இவான் கொடூரமானவன், அதைக் காட்டலாம், ஆனால் ஏன் கொடூரம் தேவைப்பட்டது என்று காட்ட வேண்டும் என்கிறார் ஸ்டாலின். இவான் செய்த தப்பு, ஐந்து பெரிய பிரபுக் குடும்பங்களை மிச்சம் வைத்ததாம். ஒரு குடும்பத்தைத் தீர்த்துவிட்டு அப்புறம் ஒரு வருஷம் கடவுளிடம் அழுதுகொண்டிருந்தானாம், இன்னும் உறுதியாக இருந்திருக்க வேண்டுமாம். ஸ்தானவ் தாடியைப் பிடித்துக்கொண்டார். இவான் அடிக்கடி தலையைத் தூக்குவதே தாடியைக் காட்டத்தான் என்றார். இனிமேல் தாடியைக் குறைத்துவிடுகிறேன் என்று ஐசன்ஸ்டைன் வாக்குக் கொடுத்தார்!

(ராத்திரிக்காட்சி, தாடி விஷயத்தில் நீங்களும் ஸ்தானவும் ஒரே கட்சி.)

ஆனால் கவனியுங்கள், ஸ்டாலின் படத்தைத் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. கொன்றுவிட்டு வருந்துகிற மன்னன் என்பதுதான் படம். அவர் அதைச் சரியாகப் பிடித்தார். அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

திருத்தி எடுக்க நேரம் தந்தார்கள். ஐசன்ஸ்டைன் ஒரு அடி ஃபிலிம் கூடத் திரும்ப எடுக்கவில்லை. 1948 பிப்ரவரியில், ஐம்பது வயதில், போய்ச் சேர்ந்தார். படம் வெளியே வந்தது 1958-ல், ஸ்டாலினும் செத்து ஐந்து வருஷம் கழித்து.

#17 ராத்திரிக்காட்சி

ஸ்தானவ் கட்சின்னு சொன்னது ரொம்ப ரோசமா இருந்துச்சு, அதான் நேத்து ராத்திரி முதல் பாகத்தைத் திரும்பப் போட்டேன். இந்தத் தடவை தூங்கலை.

கீ லைட் சொன்ன மாதிரி சுவத்தைப் பார்த்தேன். அப்புறம் இன்னொண்ணு சிக்குச்சு. இவான் சாகக் கிடக்கற சீன். பாதிரிமாருங்க பெரிய சுவிசேஷப் புத்தகத்தை விரிச்சு அவன் முகத்து மேல கவிழ்த்துப் பிடிச்சு ஜெபம் பண்றாங்க. எல்லாரும் இவன் போயிட்டான்னு நினைக்கறாங்க. புத்தகத்துக்கு அடியிலேர்ந்து ஒரு கண்ணு வெளியே எட்டிப் பார்க்குது. யார் அழறான், யார் கணக்குப் போடறான்னு. ஜால்ரா படம்னா அந்தக் கண் அங்க எதுக்கு? நல்ல ராஜா ஒருத்தன் சாகும்போது அப்படிப் பார்ப்பானா? எனக்கு முதுகு சில்லுன்னு ஆயிடுச்சு. போன தடவை அந்த சீனுக்கு நான் முழிச்சுதான் இருந்தேன், ஆனா 'சதிகாரங்க நடுவுல பாவம் ராஜா'ன்னு நினைச்சுட்டு விட்டுட்டேன்.

அடுத்தது முடிசூட்டு விழா. தலை மேல தங்கக் காசை மழையாக் கொட்டறாங்க. கொட்டற ரெண்டு பேரும் அவனோட நண்பர்கள். ஒருத்தன் குர்ப்ஸ்கி, எதிரிப் பக்கம் ஓடிடறான். இன்னொருத்தன் கோலிச்செவ், துறவியாகி எதிர்த்து நிக்கறான், ரெண்டாம் பாகத்துல அவன் குடும்பத்தையே வெட்டறாங்க. வெட்டின பிணங்களுக்கு முன்னாடி இவான் தொப்பியைக் கழட்டி, சிலுவை போட்டுக் குனியறான். நிமிர்ந்து ஒரே ஒரு வார்த்தை: "போதாது!"

விளாதீமிருக்கு உடுப்பு மாட்டி விடறது அதே முடிசூட்டோட கேலி. அவனும் அதே மாதிரி சிம்மாசனத்துல உட்கார்ந்து பார்க்கறான், பிடிச்சிருக்கு அவனுக்கு. முதல் பாகத்துல கண்ணு கூசற வெளிச்சத்துல நடந்தது ரெண்டாம் பாகத்துல குடிவெறியில நடக்குது. ஒரே சட்டை, உள்பக்கம் வெளிய.

அதனால என் கேள்வியை நானே மாத்திக்கறேன். பரிசு குடுத்தவங்க முதல் பாகத்தைச் சரியா பார்க்கலையோ?

#18 கீ லைட்

நீங்க விளாதீமிருக்கு உடுப்பு மாட்டற விருந்து சீன் பேசினதால, அந்தக் கலர் ரீல் பத்தி யாருமே எழுதலையே? ரெண்டாம் பாகம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, விருந்தும் கடைசிச் சின்னக் காட்சியும்தான் கலர். ஜெர்மன்காரங்கிட்டேர்ந்து கைப்பத்தின அக்ஃபா ஃபிலிம் அது. புரோகோஃபியெவ் மியூசிக்கை முதல்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சு, அதுக்கு ஆட வெச்சு ஷூட் பண்ணினது. சிவப்பு, கறுப்பு, தங்கம். இவானோட கறுப்புப் படை ஆளான ஃபியோதர் பஸ்மானவ் பொம்பளை முகமூடி மாட்டிக்கிட்டு ஆடுவான். விளாதீமிருக்குப் போதை தெளியற நேரத்துல முகத்துல நீலம் விழும். கோவில் இருட்டுக்குள்ள போனதும் திரும்பக் கறுப்பு வெள்ளை. கலரை இயற்கையாக் காட்டணும்னு எல்லாரும் திண்டாடிட்டு இருந்த காலத்துல, இந்த ஆள் அதை ராகம் மாதிரி கையாண்டிருக்கார்.

#19 பழைய ரீல்

அந்த ரீலுக்கு எனக்கு ஒரு சொந்தக் கதை இருக்கிறது. எண்பதுகளில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு திரைப்படச் சங்கத்தில் இருந்தோம். ஒரு பள்ளிக்கூட ஹால், 16 எம்.எம். புரொஜெக்டர், மடக்கு நாற்காலி. இரண்டாம் பாகம் போட்ட அன்று மொத்தம் முப்பது பேர் இருப்போம். ஒரு மணி நேரத்துக்கு மேல் கறுப்பு வெள்ளையில் ஓடுகிறது. திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு, ஆட்டம், கூச்சல்.

பின் வரிசையிலிருந்து ஒருத்தர், "யோவ், வேற படத்து ரீலைப் போட்டுட்டான்யா!" என்று எழுந்துவிட்டார். புரொஜெக்டர் பையனும் பயந்துபோய் நிறுத்திவிட்டான். விளக்கைப் போட்டு டப்பாவைத் தேடி, ரீல் நம்பரைப் பார்த்து, கடைசியில் சங்கச் செயலாளர் எழுந்து, "படமே அப்படித்தான், உட்காருங்க" என்றார். திரும்பப் போட்டபோது நடனத்தில் ஒரு துண்டு போய்விட்டது. அந்தத் துண்டை நான் பார்த்தது இருபது வருஷம் கழித்து, டிவிடியில்.

#20 குட்டித்தேவன்

ரெண்டும் பார்த்துட்டேன் பாஸ். மூணாம் பாகம் எங்க கிடைக்கும்?

#21 பழைய ரீல்

கிடைக்காது தம்பி. கொஞ்சம்தான் எடுத்தார்கள், அதிலும் பெரும்பகுதியை அழித்துவிட்டார்கள். ஒரு சின்னக் காட்சி மட்டும் மிச்சம்: வேலைக்குச் சேர வந்த ஒரு ஜெர்மன்காரனை இவான் விசாரிக்கிறான்.

#22 செவ்வந்தி

அதுலயும் கண்ணை உருட்டறாரா?

#23 பழைய ரீல்

உருட்டுகிறார் அம்மா. தாடியும் அப்படியே இருக்கிறது.